42 வயசு, பச்சை பெல்ட், முட்டு வலி: கராத்தேயை விட்டுடணுமா?

குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. பேரும் ஊரும் போடலை, ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியும் இருக்கேன். நாலு பக்கம் கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாரு, அதோட சுருக்கம் இது.

வயசு 42, ரப்பர் பால்வெட்டு. ராத்திரி 3 மணிக்கு எந்திரிச்சு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு விளைக்கு (ரப்பர் தோட்டத்துக்கு) போனா ஒரு நாளைக்கு 300 மரம், வெட்டி முடிச்சு பால் எடுத்து ஷீட் அடிச்சு வீட்டுக்கு வர 11 மணி ஆயிடும், ஞாயிறு மட்டும் லீவு. மூணு வருஷம் முன்னாடி மகளைக் கராத்தே கிளாஸ்ல சேர்த்தாரு, வெளிய பெஞ்சுல உக்காந்து ஒரு மாசம் பாத்துக்கிட்டே இருந்தவரை மாஸ்டர் "நீங்களும் வாங்களேன்"ன்னு கூப்பிட அடுத்த வாரமே இவரும் சேர்ந்துட்டாரு. இப்போ அப்பாவும் மகளும் பச்சை பெல்ட். "சின்னப் பிள்ளைய வரிசையில நான் மட்டும் தென்னை மாதிரி நிக்கேன், ஆனா அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு வேற ஒண்ணும் நினைவு வராது"ன்னு எழுதியிருக்காரு.

நாலு மாசமா வலது முட்டுல வலி. விளையில சரிவா இறங்குறப்போ, மாடிப்படி இறங்குறப்போ, கிளாஸ்ல மண்டி போட்டு உக்காந்து எந்திரிக்கிறப்போ வலிக்குது. டக் டக்னு சத்தம் வேற. ஒரு தடவை மட்டும், கட்டாவுல (வரிசையா செய்யுற அசைவுத் தொகுப்புல) வர்ற சாட்டத்தை, அதாவது குதிக்கிறதை, நிறைய பயிற்சி பண்ணின மறுநாள், லேசா வீங்கி ரெண்டு நாள்ல வத்திடுச்சு. டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு "லேசா தேய்மானம் இருக்கு, கராத்தேயை விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாரு. மாஸ்டர் "வலியைத் தாண்டுறதுதான் கராத்தே"ங்கிறாரு. அம்மா "உனக்கு என்னத்துக்கு மக்களே இந்த ஓட்டமும் சாட்டமும், பால்வெட்ட முடியாம ஆச்சுன்னா பிள்ளைய கதி என்ன"ன்னு அழுறாங்க. ஊர் ஆசான் ரெண்டு வாரம் உழிச்சல் (எண்ணெய் தடவி நீவி விடுறது) போட்டா சரியாகும்ங்கிறாரு. இவரு மெடிக்கல் ஸ்டோர்ல டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி கிளாஸ் உள்ள நாள்ல ஒண்ணு, வலி கூடின நாள்ல ரெண்டுன்னு மூணு மாசமா போட்டுட்டு இருக்காரு. ரெண்டு வருஷமா பிரஷர் மாத்திரையும் உண்டு. அடுத்த மாசம் நீல பெல்ட்டுக்கு டெஸ்ட், பீஸ் கட்டியாச்சு, ஒரே நாள்ல ரெண்டு பேரும் நீல பெல்ட் கட்டணும்னு மகள்ட்ட வாக்கு கொடுத்திருக்காரு. விட்டுடணுமா, இல்ல ஒரு ஊசி போட்டுட்டு டெஸ்ட்டை முடிச்சிடலாமா, 42 வயசுல ஆரம்பிச்சதே தப்பா, இதுதான் கேள்வி. கடைசியில சின்னதா முட்டுக்கு நீ-கேப் போடலாமான்னும் கேட்டிருக்காரு.

அண்ணா, வணக்கம். நான் நாகர்கோவில்ல பிசியோதெரபிஸ்ட், முட்டு வலிக்காரங்களைப் பாக்கிறதுதான் என் அன்றாட வேலை. ஆனா உங்க லெட்டரை நான் வேற ஒரு காரணத்துக்காக மூணு தடவை படிச்சேன், எங்க அப்பாவும் அருமனை பக்கம் பால்வெட்டுக்காரர்தான், அவரு கூட நெத்தி லைட் வெளிச்சத்துல விளைக்குள்ள நடந்து போன பிள்ளை நான். அதனால உங்க லெட்டர்ல நீங்க பெருசா எழுதினதை விட ஒத்தை வரியில தாண்டிப் போனதுதான் எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

கராத்தே கிளாஸ்ல என்னென்ன செய்யுறீங்கன்னு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கீங்க, 40 உக்கி, வாத்து நடை ரெண்டு ரவுண்டு, குதிரை நிலையில ரெண்டு நிமிஷம், இப்படி எண்ணி எண்ணி. வேலையைப் பத்தி ஒரே வரி, "300 மரம்". அண்ணா, வெட்டு எந்த உயரத்துல இருக்கு இப்போ? புதுசா தொறந்த மரம்னா நின்னுகிட்டே வெட்டலாம். வருஷம் போகப் போக வெட்டு கீழ இறங்கி முட்டுக்குக் கிட்ட வந்துடுச்சுன்னா ஒவ்வொரு மரத்துக்கும் குனியணும், இல்ல பாதி உக்காந்து காலை மாத்தி மாத்தி மரத்தைச் சுத்தணும். பாதி மரம் அப்படின்னு வச்சாலும் விடியுறதுக்கு முன்னாடி 150 உக்கி ஆச்சு. அதுக்கு அப்புறம் பால் வாளியைத் தூக்கிட்டு சரிவு இறங்குறது தனி. இவ்வளவையும் முடிச்ச முட்டை சாயங்காலம் ஆறரை மணிக்கு கொண்டு போய் 12 வயசுப் பிள்ளைகளோட வரிசையில நிப்பாட்டி இன்னொரு 40 உக்கி, வாத்து நடை, சாட்டம்னு கொடுக்கிறீங்க. பழி மட்டும் கராத்தே மேல விழுது. முட்டுக்கு இது தொழில், இது கிளாஸ்னு பிரிக்கத் தெரியாது, அது மொத்தக் கணக்கைத்தான் எடுக்கும். நீங்களும் பாதிக் கணக்குதான் எழுதியிருக்கீங்க, விட்டுடச் சொன்ன டாக்டரும் அந்தப் பாதியை மட்டும் கேட்டுட்டு சொல்லியிருப்பாரு. நான் சொல்ல வர்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

நேர்ல பாக்காம இன்ன வலின்னு முடிவா சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா நீங்க எழுதின மாதிரி இறங்குறப்போ வலி, மண்டி போட்டு எந்திரிச்சா வலி, முன்பக்கம் சிரட்டையை (முட்டு மூடி எலும்பை) சுத்தி வலி, பூட்டிக்கிறது இல்ல, காலு வாரிவிடுறது இல்லன்னா பெரும்பாலும் அது முட்டுச் சிரட்டைக்கும் தொடை எலும்புக்கும் இடையில தாங்க முடியாத அளவுக்கு பாரம் ஏறுறதால வர்ற வலி. ரொம்ப சாதாரணமா வர்றது, பெரும்பாலானவங்களுக்கு முறையா பயிற்சி பண்ணினா நல்லாவே குறையும். எக்ஸ்ரேயில "லேசா தேய்மானம்"னு இருக்கிறதைப் பாத்து பயந்துட்டீங்க. 40 தாண்டின, வலியே இல்லாத ஆளுங்களை வரிசையா நிப்பாட்டி எக்ஸ்ரே எடுத்தாலும் பல பேருக்கு அப்படித்தான் வரும், தலையில ரெண்டு நரை முடி மாதிரி. வலியில்லாம வர்ற டக் டக் சத்தமும் அப்படித்தான், சத்தத்தை வச்சு எலும்பு உரசுதுன்னு நினைச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

முட்டை விட எனக்குப் பயம் அந்த மாத்திரை மேலதான்

உங்க லெட்டர்ல எனக்கு நிஜமாவே பதட்டம் வந்த இடம் இதுதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுற ஒருத்தர் மூணு மாசமா தானா வாங்கி டைக்ளோஃபெனாக் போடுறது சரியில்ல அண்ணா. அந்த வகை வலி மாத்திரை பிரஷரைக் கூட்டும், பல பிரஷர் மாத்திரையோட வேலையைக் குறைக்கும், வயித்துல புண்ணாக்கும், கிட்னிக்கும் கெடுதல். நீங்க பகல் பூரா வேர்த்து தண்ணி வத்தின உடம்போட சாயங்காலம் மாத்திரையைப் போட்டு மறுபடியும் ஒன்றரை மணி நேரம் வேர்க்கிறீங்க, கிட்னிக்கு இதை விட மோசமான நேரம் கிடையாது. இன்னொரு விஷயம், வலியை அமுக்கிட்டு கிளாஸ் பண்ணினா எந்த இடத்துல நிறுத்தணும்னு உடம்பு சொல்லுறதே உங்களுக்குக் கேக்காது, மறுநாள் காலைல விளையில இறங்குறப்போதான் கேக்கும்.

எனக்கு மாத்திரை எழுதுற உரிமை கிடையாது, அதனால உங்க பிரஷர் டாக்டரைத்தான் பாக்கணும், இந்த வாரமே பாருங்க. "மூணு மாசமா இந்த மாத்திரை இத்தனை போட்டேன்"னு மறைக்காம சொல்லுங்க, பிரஷர் பாக்கச் சொல்லுங்க, கிட்னிக்கு கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல்ல பிரஷர் பாத்துடலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களா நிறுத்தக்கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, வயித்துல கடுமையா எரிச்சல் இருந்தாலோ, ஒண்ணுக்கு குறைஞ்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. பிரஷர் கட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் ஃபைட் வேண்டாம், கட்டா பண்ணுறப்போவும் மூச்சைப் பிடிச்சு இறுக்காதீங்க, குத்து முடியுற இடத்துல மூச்சை வெளிய விடுங்க, உங்க மாஸ்டரும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பாரு.

ஊசி கேட்டிருந்தீங்க. ஸ்டீராய்டு ஊசிக்குன்னு சில முட்டு இருக்கு, வீங்கி தண்ணி கோத்து நிக்கிற முட்டு மாதிரி. நீங்க எழுதின வலிக்கு அது பொருத்தமாத் தெரியல. டெஸ்ட் அன்னைக்கு வலி தெரியாம இருக்கணும்ங்கிற ஒரே காரணத்துக்காக முட்டுல ஊசி போடாதீங்க, மரத்துப் போன முட்டை வச்சு சாடி விழுந்தீங்கன்னா இப்ப இல்லாத ஒரு காயத்தை நீங்களே உண்டாக்கிக்கிட்ட மாதிரி ஆயிடும்.

டெஸ்ட்டுக்குப் போகலாமா

என் அபிப்பிராயத்தை நேராவே சொல்லிடுறேன், இந்தத் தடவை போகாதீங்க.

நீங்க டெஸ்ட்டுக்குப் படிக்கிறது ஹெயான் கோடான்ங்கிற கட்டா. அதுல கடைசிப் பக்கத்துல மேல சாடி, காலைப் பின்னி, தாழ உக்காந்த நிலையில இறங்கணும். ஒத்தை முட்டு ஆழமா மடங்கி மொத்த எடையையும் வாங்குற இடம் அது. உங்க முட்டு வீங்கினதும் அந்தச் சாட்டத்துக்கு மறுநாள்தான், அதுவும் வெறும் சிமெண்ட் தரையில. இன்னும் நாலு வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள சிரட்டையைச் சுத்தி உள்ள தசைக்கு அந்தப் பாரத்தைத் தாங்குற பலம் வராது. பலம் கூடுறதுக்கு ஆறு வாரமாவது வேணும், மூணு மாசம் ஆனாலும் ஆச்சரியம் இல்ல. இந்த இடத்துல அம்மா சொல்றதுல நியாயம் இருக்குண்ணா. டெஸ்ட்ல முட்டு பிசகினா போறது பெல்ட் மட்டும் இல்ல, வெட்டு இல்லாத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். அம்மா பயத்தை அலட்சியமா நினைக்காதீங்க, ஆனா அந்தப் பயத்துக்குப் பதில் கராத்தேயை விடுறது இல்ல, சாட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு விடுறது.

கட்டின பீஸை அடுத்த டெஸ்ட்டுக்கு மாத்தி வச்சுக்கச் சொல்லி இப்பவே கேளுங்க, கடைசி வாரம் போய்க் கேட்டா மாஸ்டருக்கும் சங்கடம். பெல்ட் தள்ளிப் போறதைப் பெரிய தோல்வியா எழுதியிருக்கீங்க. கலர் பெல்ட்டெல்லாம் கராத்தே கூடவே பிறந்தது இல்ல. கருப்பு பெல்ட்டுக்கான 'டான்'ங்கிற தர வரிசை ஜூடோவுல, அதை உருவாக்கின கானோ ஜிகோரோ கொண்டு வந்தது, அதைப் பாத்து கராத்தே குரு ஃபுனகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு முதல் கருப்பு பெல்ட் கொடுத்தது 1924ல. ஒகினாவாவுல அதுக்கு முன்னாடி தலைமுறை தலைமுறையா பெல்ட்டே இல்லாமத்தான் பயிற்சி பண்ணியிருக்காங்க. வயசுன்னு சொன்னீங்கல்ல, அந்த ஃபுனகோஷி ஒகினாவாவை விட்டு டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைக் காட்டினது 1922ல, அப்போ அவருக்கு 50 தாண்டிடுச்சு. அவரு சின்ன வயசுலயே ஆரம்பிச்சவரு, நீங்க 39ல ஆரம்பிச்சவரு, அந்த வித்தியாசம் உண்டு, அதனால உங்க உடம்புக்கு ஒவ்வொரு புது அசைவும் பழக மகளை விட ரெண்டு மடங்கு நாள் வேணும்னு வச்சுக்கோங்க. தாமதம் ஆகும், தப்பு இல்ல.

மகள் விஷயம்தான் எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. அவளை உங்களுக்காகக் காத்திருக்க வைக்காதீங்க, அவ டெஸ்ட் எழுதட்டும். அவகிட்ட உண்மையைச் சொல்லுங்க, "அப்பா முட்டுக்குப் பலம் ஏத்துறதுக்கு டைம் கேட்டிருக்கேன்"னு. அடிபட்டா மறைச்சு மாத்திரை போட்டுட்டு செய்யணும்னு அவ உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டா, நாளைக்கு அவளுக்கு வலி வர்றப்போ உங்ககிட்டயே சொல்ல மாட்டா. எங்க அப்பா அப்படித்தான், இடுப்பு வலியை எட்டு வருஷம் யாருக்கும் சொல்லாம வெட்டினாரு, நாங்க கண்டுபிடிச்சப்போ அவரால நிமிர முடியல. நான் இந்தப் படிப்பு படிச்சதே அதுக்கு அப்புறம்தான்.

மாஸ்டர்ட்ட எப்படிப் பேசுறது

நீங்க அவரை ரொம்ப மதிக்கிறீங்கன்னு ஒவ்வொரு வரியிலயும் தெரியுது. அவரும் உங்களைக் கூப்பிட்டு உள்ள நிப்பாட்டினவரு, நல்ல மனுஷன்தான். ஆனா "வலியைத் தாண்டணும்"ங்கிறது ரெண்டு வலிக்குப் பொதுவா இல்ல. புதுசா உக்கி போட்ட மறுநாள் தொடை முழுக்க வர்ற வலி தாண்ட வேண்டிய வலி. மூட்டுக்குள்ள ஒரே இடத்துல நாலு மாசமா வர்றது தாண்டுற வலி இல்ல. கிளாஸ் முடிஞ்ச பிறகு தனியா, எல்லார் முன்னாடியும் இல்லாம, இதைச் சொல்லுங்க.

அப்போ கேக்க வேண்டியது இவ்வளவுதான். வாத்து நடையும் தவளைச் சாட்டமும் எனக்கு வேண்டாம், அந்த நேரம் நான் குத்து பண்ணிக்கிறேன். மண்டி போட்டு உக்காருறதுக்குப் பதிலா சம்மணம் போட்டோ நின்னுகிட்டோ வணக்கம் சொல்லிக்கிறேன். கோடான்ல சாட்டத்துக்குப் பதிலா ஒரு எட்டு எடுத்து வச்சு இறங்கிக்கிறேன். வயசான மாணவங்க அப்படிச் செய்யுறதை ஒத்துக்கிற மாஸ்டர்மார் நிறைய பேர் உண்டு. நிலையைக் கொஞ்ச நாள் உயரமா வச்சுக்கிறேன். இந்தக் கடைசி ஒண்ணுக்கு அவரு தயங்கினா ஃபுனகோஷியோட பழைய போட்டோக்களைக் காட்டுங்க, அவரு நிக்கிற நிலை எவ்வளவு உயரம்னு பாருங்க. இன்னைக்கு அவரு வழியில வந்த ஷோட்டோகான் கராத்தேயில நாம பாக்கிற ஆழமான நிலையெல்லாம் பிற்பாடு, பெரும்பாலும் அவரு மகன் காலத்துல வந்தது. தாழ நின்னாதான் கராத்தேன்னு நீங்க நினைச்சு உங்களை நீங்களே கீழ தள்ளுறீங்க.

நிலையில முட்டு எங்க போகுதுன்னு அவரையே பாக்கச் சொல்லுங்க. ஜென்குட்சு, அதாவது முன்காலை மடக்கி நிக்கிற நிலையில, நிக்கிறப்போ முன்முட்டு உள்பக்கம் சாயாம ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். குதிரை நிலையில கணுக்கால் இறுகி இருக்கிற ஆளு பாதத்தை ரெண்டையும் கம்பி மாதிரி நேரா வச்சா திருகல் முழுக்க முட்டுக்குத்தான் போகும், விரலைக் கொஞ்சம் வெளிய திருப்பி வச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது. மவாஷி கெரி (சுத்தி அடிக்கிற உதை) அடிக்கிறப்போ ஊணின காலோட குதிகால் கூடவே திரும்பணும், வேர்த்த பாதம் சிமெண்ட்ல ஒட்டிக்கிட்டு உடம்பு மட்டும் திரும்பினா முட்டுக்குள்ள சவ்வு கிழியறதுக்கு அது போதும்.

சேர்றப்போ "என்ன நடந்தாலும் நாங்க பொறுப்பில்ல"ன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, அதனால எதையும் மறுக்க முடியாதோன்னு கேட்டிருக்கீங்க. அப்படி எதுவும் இல்லண்ணா. எந்த ஒரு அசைவையும் "இன்னைக்கு எனக்கு முடியாது"ன்னு சொல்ற உரிமையை எந்தக் கையெழுத்தும் பறிக்காது. பிரஷர் இருக்கிறதை அந்தத் தாள்ல எழுதாம விட்டதாச் சொன்னீங்க, அதைப் போய் எழுதிக் கொடுங்க, கிளாஸ்ல தலை சுத்தி விழுந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியணும்ல.

ஆறு வாரம் என்ன செய்யலாம்

முதல் ரெண்டு வாரம் கிளாஸுக்குப் போங்க, ஆனா கை வேலை மட்டும். குத்து, தடுப்பு, உயரமான நிலையில பழைய கட்டா. வீட்டுல செவுத்துல முதுகைச் சாச்சு, பாதத்தைக் கொஞ்சம் முன்ன வச்சு, வலி வராத அளவுக்கு மட்டும் கீழ இறங்கி 30ல இருந்து 45 செகண்ட் அப்படியே நில்லுங்க, ஒரு நிமிஷம் ரெஸ்ட், இப்படி 5 தடவை. பக்கவாட்டுல படுத்து மேல்காலை நேரா தூக்கி இறக்குறது 12 தடவை, மூணு சுத்து, இது இடுப்புப் பக்கத் தசைக்கு, அது பலமா இருந்தாத்தான் முட்டு உள்ள சாயாது. குதிகாலைத் தூக்கி நின்னு இறங்குறது 15 தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் வெட்டு முடிஞ்சு ரெஸ்ட் எடுத்த பிறகு.

மூணாவது வாரத்துல இருந்து நாற்காலியில இருந்து கையை ஊணாம மூணு எண்ணி எந்திரிச்சு மூணு எண்ணி உக்காருறது, 10 தடவை. அப்புறம் ஒரு சாண் கூட இல்லாத தாழ்ந்த படியில நின்னு நல்ல காலை மெதுவா கீழ விட்டுத் தரையைத் தொட்டு எடுக்கிறது. சரிவு இறங்குறதுக்கு உங்களுக்கு வேண்டிய பலம் இதுலதான் இருக்கு, இதைச் சோம்பல்பட்டு விட்டுடாதீங்க. அஞ்சாவது ஆறாவது வாரம் நிலையைக் கொஞ்சம் கொஞ்சமா தாழ்த்தலாம், உதை மெதுவா ஆரம்பிக்கலாம். சாட்டம் எல்லாத்துக்கும் கடைசி, மேட்டுல, ரெண்டு காலுல, சின்னதா.

கூட்டலாமா வேண்டாமான்னு எப்படித் தெரியும்னா, செய்யுறப்போ வலி பத்துக்கு மூணு வரைக்கும் பரவாயில்ல, மறுநாள் காலை விளையில இறங்குறப்போ முந்தின நாளை விடக் கூடாம இருக்கணும். கூடியிருந்தா முந்தின படிக்கே திரும்பிப் போங்க. ஒரு சின்ன நோட்டுல ரெண்டையும் எழுதுங்க, வெட்டின மரம் எத்தனை, கிளாஸ்ல செஞ்சது என்ன. ஒரு வாரத்துலயே உங்களுக்கே தெரிஞ்சிடும் எந்த நாள் முட்டு பொறுக்கலைன்னு.

தூக்கம் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா பத்தரைக்குப் படுத்து மூணுக்கு எந்திரிச்சா நாலரை மணி நேரம்தான். அந்தத் தூக்கத்துல தசை ஆறாது, வலியும் கூடுதலாத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கண்டிப்பா படுங்க, போனை வேற ரூம்ல வச்சிட்டு. இப்போதைக்கு மூணு நாள் கிளாஸை ரெண்டாக்குங்க, அதுல ஒண்ணு சனிக்கிழமையா இருக்கட்டும், மறுநாள் வெட்டு இல்லல்ல. இலை உதிர்ந்து வெட்டு நிறுத்துற சமயம் வருமே, அப்போ மூணு நாளும் போங்க, கஷ்டமான பயிற்சியையும் சாட்டத்தையும் அந்த மாசத்துக்கு ஒதுக்கி வைங்க. அதுக்கு அடுத்து வர்ற டெஸ்ட் உங்களுக்குச் சரியா இருக்கும். சாயங்காலம் வெறும் கட்டன் சாயாவோட கிளாஸுக்குப் போறதும் வேண்டாம், அஞ்சரை மணிக்கு ஒரு ஏத்தம்பழம், முடிஞ்சு வந்து மரச்சீனியும் மீனும்னா மீனைக் கூட்டிக்கோங்க, மீன் இல்லாத நாள் முட்டையோ பயறோ.

ஆசான் சொன்ன உழிச்சலைப் பத்தி. வர்மமும் அடிமுறையும் வளந்த மண்ணுல இருந்துகிட்டு அதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். இளஞ்சூட்டுல எண்ணெய் போட்டு தொடையையும் கெண்டைக்காலையும் மெதுவா தடவினா இறுக்கம் குறையும், நல்லாத் தூக்கம் வரும், தாராளமா செய்யுங்க. வீங்கின முட்டை அழுத்தவோ திருகவோ ஒடிக்கவோ மட்டும் விடாதீங்க. எண்ணெய் தசைக்கு பலம் ஏத்தாது, அதுக்கு அந்தச் செவுத்துப் பயிற்சிதான். ரெண்டையும் சேத்துச் செஞ்சா ஆசானும் கோபப்பட மாட்டாரு.

இதெல்லாம் வந்தா ஆறு வாரம் காத்திருக்காதீங்க

முட்டு பூட்டிக்கிட்டு நீட்டவோ மடக்கவோ முடியாம நின்னா, டப்புனு சத்தம் கேட்டு கொஞ்ச நேரத்துலயே நல்லா வீங்கினா, நடக்கிறப்போ காலு வாரிவிட்டா, எடை ஊணவே முடியலைன்னா, முட்டு சூடாகி சிவந்து காய்ச்சலும் வந்தா, கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா, நேரா ஆஸ்பத்திரி. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல எலும்புப் பிரிவுல காட்டலாம், எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டு போங்க. இதெல்லாம் இல்லன்னாலும் ஒரு தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேர்ல உங்க முட்டைத் தொட்டுப் பாக்கிறது நல்லது, அங்க உங்க நிலையையும், பால்வெட்டுறப்போ எப்படி உக்காருறீங்கன்னும் செஞ்சு காட்டுங்க.

நீ-கேப் பத்திக் கேட்டீங்கல்ல. விளைக்குப் போறப்போ போட்டுக்கோங்க, விடிகாலைக் குளிருல முட்டு சூடா இருக்கும், ஒரு தைரியமும் வரும், தப்பில்ல. ரொம்ப இறுக்கமா வாங்காதீங்க, உள்ள ரெண்டு விரல் போகணும், வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுங்க. கிளாஸ்ல டிரஸ்ஸுக்குள்ள மறைச்சு போட்டுக்கிட்டு சாடுறதுக்கு மட்டும் அதை வாங்க வேண்டாம். அடுத்த லெட்டர்ல பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னும், வெட்டு எந்த உயரத்துல இருக்குன்னும் மறக்காம எழுதுங்க, மகள் டெஸ்ட்ல என்ன ஆச்சுன்னும்.